மாடிப்படிக்குக் கைப்பிடி: கப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பட்டறைக்குக் கைப்பிடி கேட்டு வருகிறவர்கள் முதலில் செல்போனைத்தான் நீட்டுவார்கள். "அண்ணாச்சி, இந்த மாடல் வருமா?" எந்த மாடலும் வரும். பைப்பை வளைத்து ஒட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு. வீட்டில் யார் யார் ஏறி இறங்குகிறார்கள்? படி கான்கிரீட்டா, செங்கல் கட்டா? மேலே கிரானைட் ஒட்டியாயிற்றா? வீடு எந்த ஊரில்? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாடலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை. மேற்கே அம்பாசமுத்திரம், தெற்கே உவரி, இடிந்தகரை வரை போய்ப் பொருத்திக் கொடுக்கிறோம். நீங்களே பொருத்தினாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, இங்கே எழுதுவது உதவும்.

சுவர்ப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

நம்ம ஊர் வீடுகளில் மாடிப்படிக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. திறந்த பக்கம் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் பளபளவென்று நிற்கும். சுவர்ப் பக்கம் மொட்டையாக இருக்கும். வருகிறவர் கண்ணில் படுகிற பக்கத்துக்கே காசெல்லாம் போய்விடுகிறது. வயசானவர்கள் படி இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். திறந்த பக்கம் பள்ளம் தெரிகிறது என்று பயந்து சுவரோரமாகத்தான் ஒதுங்குவார்கள். திருப்பத்தில் முக்கோணமாக வெட்டிய படி இருந்தால் இன்னும் மோசம். உள்பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, அகலமான வெளிப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும். கால் போகிற பக்கம் கைக்கும் ஒன்று வேண்டாமா?

வீரவநல்லூரில் ஒரு பழைய வீடு. தார்சாவிலிருந்து, அதாவது முன்கூடத்திலிருந்து, மச்சுக்கு ஏறும் படி, இரண்டரை அடி அகலம் இருக்கும். படியை ஒட்டிய வெள்ளைச் சுவரில் கீழிருந்து மேல்வரை சாய்வாக ஒரு கருப்புப் பட்டை ஓடியது. நாலு விரல் அகலம். திருப்பத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு விரிந்து, சுண்ணாம்பு உதிர்ந்து, செங்கல் லேசாக எட்டிப் பார்த்தது. அந்த வீட்டு ஆச்சி தடவித் தடவி இறங்கிய தடம். வீட்டுக்காரர், "அதை மறைக்கிற மாதிரி பெயிண்ட் அடிச்சிட்டு அப்புறமா கைப்பிடி போடுவோம்" என்றார். நான் விடவில்லை. டேப் வைத்தேன். படி மூக்கிலிருந்து, அதாவது படியின் முன் ஓரத்திலிருந்து, 32 இஞ்ச். ஆச்சியின் கை எங்கே போகிறது என்று சுவரே சொல்லும்போது வேறு அளவு எதற்கு? அந்தப் பட்டை மேலேயே பைப் உட்காருகிற மாதிரி பிராக்கெட் போட்டோம். ஆச்சி ஏறிப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, இத முன்னாலேயே போட்டிருந்தா சுவர இம்புட்டு அழுக்காக்கி இருக்க மாட்டேனே" என்றார்.

பழைய வீடு என்றால் முதலில் அந்தத் தடத்தைத் தேடுங்கள். புது வீட்டில் அது இருக்காது. அங்கே பொது அளவுக்குப் போகலாம். சுவர்ப் பக்கம் 34 முதல் 36 இஞ்ச். திறந்த பக்கம் 36 இஞ்சுக்குக் குறையக் கூடாது, 39 வரை போகலாம். அதாவது 900 மில்லிமீட்டர் முதல் 1 மீட்டர். மேலே ஏறி முடித்ததும் வருகிற தளத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் உயர்த்தி 42 இஞ்ச் வைத்தால் நல்லது. அங்கே சாய்ந்து நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூன் விழுந்த பெரியவர் இருந்தால் சுவர்ப் பக்கத்தை அவருக்காகவே தாழ்த்துங்கள். படியில் நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எலும்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதை ஒட்டி வைத்தால் தப்பாது.

உயரத்தைப் படி மூக்கிலிருந்து தூக்குக்குண்டு தொங்குகிற வாக்கில் நேராக அளக்க வேண்டும். சாய்வுக்குக் குறுக்காக டேப்பைப் பிடித்தால் 36 என்று நினைத்துப் போட்டது 44 ஆகி நிற்கும்.

நீளத்துக்கு ஒரு சுருக்கு வழி. நம்ம பக்கம் படி உயரம் 7 இஞ்ச், மிதிக்கிற அகலம் 10 இஞ்ச் என்று பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் சாய்வில் ஒரு படிக்கு 12 இஞ்சுக்குச் சற்று மேல். பத்துப் படிக்குப் பத்தடி என்று கணக்கு வைத்து, மேலே ஓரடியும் கீழே ஓரடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் நீளத்தைப் பல பேர் வீண் செலவு என்பார்கள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது கையில் பிடி இருக்க வேண்டும் என்றால் படி முடிகிற இடத்தைத் தாண்டிப் பைப் போயாக வேண்டும்.

கைக்குள் அடங்குகிற பைப்

கட்டை விரலும் மற்ற விரல்களும் சுற்றி வளைத்து ஒன்றை ஒன்று தொடுகிற அளவில் பைப் இருக்க வேண்டும். 32 முதல் 50 மில்லிமீட்டர் வரை பிடிக்கலாம். என் கையில் விட்டால் ஒன்றரை இஞ்ச் எஸ்.எஸ். பைப்தான் போடுவேன். சின்னக் கை, வாதம் வந்த கை, குழந்தைக் கை எல்லாவற்றுக்கும் அது ஒத்துவரும். இப்போது நாலு இஞ்ச் அகலச் சதுரப் பைப்பை மேலே படுக்கப் போடுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. அதில் கையை வைக்கலாம், பிடிக்க முடியாது. சறுக்குகிறவருக்கு அது ஒன்றுக்கும் ஆகாது. மேலே அகலமாக மரமோ பைப்போ வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம், "சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுவர்ப் பக்கம் உருண்டைப் பைப் ஒன்று போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவேன்.

கடையில் அளவு கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். எஸ்.எஸ். பைப்பில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவட்டம் 38 மில்லிமீட்டர். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், தண்ணீர் போகிற கணக்கில் பெயர் வைத்தது. அதில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவட்டம் 48 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஜி.ஐ.யில் அதே பிடி வேண்டும் என்றால் ஒன்றேகால் இஞ்ச் கேளுங்கள், 42 வரும். ஒரு இஞ்ச் கேட்டால் 33 சொச்சம், அதுவும் பரவாயில்லை.

சுவருக்கும் பைப்புக்கும் நடுவே இரண்டு இஞ்ச் இடைவெளி விடுங்கள். ஒன்றரைக்குக் கீழே போனால் மோதிரக்கை சுவரில் உரசும். பிராக்கெட் பைப்பை அடியிலிருந்துதான் தாங்க வேண்டும். பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டிவரும். இரண்டு முனையையும் சுவரை நோக்கி வளைத்து முடித்துவிடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கிற முனையில் முந்தானை மாட்டும், பிள்ளைகள் தோளில் போட்டுப் போகிற பள்ளிக்கூடப் பை மாட்டும்.

திறந்த பக்கத்தில் நிற்கிற கம்பிகளுக்கு நடுவே நாலு இஞ்சுக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. குழந்தை தலை நுழைகிற கதை அதுதான். படுக்கைவாட்டில் கம்பி ஓடுகிற டிசைன் பார்க்க நன்றாக இருக்கும், நடக்கப் பழகின பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஏணி. கண்ணாடிக் கைப்பிடி பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை, அது வேறு ஆட்கள் வேலை.

304, 202, 316, அப்புறம் காந்தம்

304, 202, 316 எல்லாம் எஸ்.எஸ்.ஸின் கிரேடு, அதாவது ரகம். எஸ்.எஸ். வாங்கும்போது நம்ம ஆட்கள் காந்தத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒட்டவில்லை என்றால் ஒரிஜினல், ஒட்டினால் டூப்ளிகேட். இது சமையல் பாத்திரத்தில் ஆரம்பித்த நம்பிக்கை. பைப்பில் இது பாதிதான் சரி. காந்தம் பலமாகப் பிடித்தால் சந்தேகப்படலாம். பிடிக்கவில்லை என்றால் அது 304 என்று அர்த்தம் இல்லை, 202-ம் காந்தத்தில் ஒட்டாது. ஏமாற்று நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நல்ல 304 பைப்பே வளைத்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்ற அளவில் இருக்கும். 202-இல் விலை கூடின நிக்கலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். சந்தையில் 202 என்று சொல்லி அதைவிட நிக்கல் குறைந்த சரக்கும் வருகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். பெரிய பைப் கடைகளில் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு துளி விட்டு, சின்னப் பேட்டரியைத் தொட வைத்தால் மாங்கனீசு கூடின சரக்கில் துளி சிவந்துவிடும். கடைக்காரரிடம் கேளுங்கள், செய்து காட்டுவார்கள். காட்ட யோசித்தால் வேறு கடை பாருங்கள். பைப் மேல் ஓடுகிற அச்சில் 304 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

எங்கே எது? வீட்டுக்குள்ளே, மழை படாத இடத்தில், ஆற்றுப் பாசன ஊர்களில் 202 போட்டவர்கள் பல வருஷம் நன்றாகவே ஓட்டுகிறார்கள். காசு இடித்தால் உள்ளே மட்டும் அதைப் போடலாம். வெளிப்படிக்கு 304. கடற்கரை ஊர்கள் வேறு கணக்கு. உவரி, கூடுதாழை, இடிந்தகரை இங்கெல்லாம் உப்புக் காற்று 304 மேலேயும் தேநீர் சிந்தின மாதிரி பழுப்புப் புள்ளி வைக்கும். 316-இல் மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் சேர்த்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். முழுவதும் 316 போட முடியாவிட்டால் நல்ல ஜி.ஐ. பைப் போட்டு ஒழுங்காகப் பெயிண்ட் அடிப்பது மேல். 202 மட்டும் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வெளிப்படிக்கு இன்னொரு விஷயம். நம்ம சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மதியம் இரண்டு மணிக்குப் பாலிஷ் போட்ட எஸ்.எஸ். பைப்பில் கை வைக்க முடியாது. கைப்பிடி இருந்தும் அந்த நேரத்தில் யாரும் தொட மாட்டார்கள். வெள்ளையோ வெளிர் நிறமோ பெயிண்ட் அடித்த பைப் அவ்வளவு சுடாது. மேற்கு பார்த்த வெளிப்படிக்கு நான் ஜி.ஐ. பைப்பும் வெள்ளை எனாமலும் சொல்வது அதனால்தான், காசுக்காக இல்லை. புது ஜி.ஐ. மேல் சாதா பிரைமர் பிடிக்காது, தோல் தோலாக உரியும். துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமர் அடித்துவிட்டு மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். வெல்டிங் அடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அங்கே ஜிங்க் பெயிண்ட் தடவாமல் விட்டால் முதல் மழைக்காலமே துருவை ஆரம்பித்து வைக்கும்.

சாதா இரும்பு, அதாவது எம்.எஸ்., உள்படிக்குத் தாராளமாகப் போடலாம். துருவை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. நல்ல வேலைக்காரர் கையில் எம்.எஸ். பூவேலை எஸ்.எஸ்.ஸைவிட அழகு என்பது என் எண்ணம்.

கனத்தைத் தராசில் பாருங்கள்

கிரேடை விட அதிகம் விளையாடுவது கனத்தில்தான். 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் என்று பேசி, 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் இறக்கிவிடுவார்கள். முனையில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. எடை பொய் சொல்லாது. எஸ்.எஸ். பைப்புக்குக் கணக்கு இதுதான்: மில்லிமீட்டரில் வெளிவட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.0249-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். இரண்டு இஞ்ச் பைப், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், இருபதடி நீளம் என்றால் 11.2 கிலோ. அதே பைப் 1.2 மில்லிமீட்டர் கனம் என்றால் 9 கிலோ. ஒன்றரை இஞ்ச் பைப், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் 8.3 கிலோ. இறக்கும்போது ஒரு பைப்பைத் தராசில் வைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தாங்கி நிற்கிற கால்களுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். நடுவில் வருகிற சின்னக் கம்பிகளுக்கு 1.2 போதும்.

கப்புக்கு அடியில் என்ன இருக்கிறது

இனிமேல்தான் முக்கியமான இடம். திறந்த பக்கத்தில் கைப்பிடி ஆடுகிறது என்றால் பைப்பில் குறை இருக்காது, காலில்தான் இருக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் பளபளவென்று ஒரு கப் கவிழ்த்திருப்பார்கள். அதைத் தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் உள்ளே இருப்பது ஒரு மெல்லிசான தகடும் இரண்டு ஸ்க்ரூவும்தான். சில இடத்தில் அதுவும் இல்லை, கிரானைட்டில் ஓட்டை போட்டுக் காலைச் செருகி வெள்ளை சிமெண்ட் ஊற்றியிருப்பார்கள்.

ஏன் அது போதாது என்பதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கைப்பிடி 36 இஞ்ச் உயரத்தில் இருக்கிறது. அடித்தகட்டில் போல்டுக்கும் எதிர் ஓரத்துக்கும் நடுவே 3 இஞ்ச் தான் இருக்கிறது. மேலே தள்ளுகிற பலம் கீழே பன்னிரண்டு மடங்காகப் போல்டை இழுக்கும். சறுக்குகிற ஆள் 50 கிலோ பலத்தில் சாய்ந்தால் அடியில் 600 கிலோ இழுப்பு. இரண்டு ஸ்க்ரூ இதை எங்கே தாங்கும்? சுவர்ப் பக்கக் கைப்பிடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பிராக்கெட் சுவரிலிருந்து இரண்டு மூன்று இஞ்ச்தான் வெளியே நிற்கிறது. அதனால்தான் சுவர்ப் பக்கத்தை வீட்டுக்காரரே போடலாம், திறந்த பக்கத்தைப் பட்டறைக்கு விடுங்கள் என்கிறேன்.

அடித்தகடு குறைந்தது 4 இஞ்சுக்கு 4 இஞ்ச், 6 மில்லிமீட்டர் கனம், நாலு ஓட்டை. போல்ட் 10 மில்லிமீட்டர் ஆங்கர், ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கிற ரகம். நீளத்தில்தான் ஏமாறுவார்கள். கிரானைட் 18 மில்லிமீட்டர், அதன் அடியில் சாந்து ஒரு 30. மேலே தகடு, வாஷர், நட்டு சேர்ந்து ஒரு 20. நூறு மில்லிமீட்டர் போல்ட் போட்டால் கான்கிரீட்டுக்குள் இறங்குவது 30 சொச்சம்தான். மீதியெல்லாம் கல்லையும் சாந்தையும்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே கிரானைட் போட்ட படிக்கு 150 மில்லிமீட்டர் போல்ட் கேளுங்கள். ஓட்டை படியின் ஓரத்திலிருந்து மூன்று இஞ்சாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் விரியும்போது ஓரம் பிளந்துகொண்டு போகும். அவ்வளவு உள்ளே தள்ள இடம் இல்லாத குறுகல் படியில் கெமிக்கல் ஆங்கர் போடலாம், அது விரிந்து நெருக்காது, ஒட்டிப் பிடிக்கும். ஆனால் ஓட்டையில் தூசி இருந்தால் தூசியைத்தான் ஒட்டும். கம்பிப் பிரஷ் விட்டுத் தேய்த்து, பம்பு வைத்து ஊதி, திரும்பவும் தேய்த்து ஊத வேண்டும். வாயால் ஊதுகிறவரைப் பார்த்தால் நிறுத்துங்கள், கண் போய்விடும்.

கிரானைட்டில் முதலிலேயே ஹேமர் டிரில் ஓட்டாமல் வைர பிட் வைத்துத் தண்ணீர் விட்டுக் கல்லைத் தாண்டிவிட்டு, கான்கிரீட் வந்தபின் ஹேமருக்கு மாறுங்கள். நடுவில் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி இடித்தால் முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், தகட்டைக் கொஞ்சம் திருப்பி ஓட்டையை மாற்றுங்கள்.

படி மேலே ஓட்டை போடாமல் பக்கவாட்டில், படியைத் தாங்குகிற சாய்வுப் பலகையின் ஓரத்தில் போல்ட் அடிப்பது எனக்குப் பிடித்த முறை. படி அகலம் குறையாது, கிரானைட் தப்பிக்கும், பெருக்கித் துடைக்க வசதி. பலகை ஆறு இஞ்ச் கனமாக இருந்தால் நடுமத்தியில் போல்ட் இறக்கலாம். இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் சென்ட்ரிங் அடிக்கும்போதே சொன்னால் அதைவிட நல்லது. மூன்று படிக்கு ஒன்று வீதம், பின்னால் கொக்கி வைத்த இரும்புத் தகட்டைக் கம்பியோடு கட்டிக் கான்கிரீட்டில் புதைத்துவிடலாம். பின்னால் அதில் நேராகக் கால் ஒட்டிக்கொள்ளலாம். இரும்புத் தகட்டில் எஸ்.எஸ். காலை ஒட்டும்போது 309 வெல்டிங் கம்பி வைத்து ஒட்டச் சொல்லுங்கள், எஸ்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும் சேருகிற இடத்தில் 308.

செங்கல் படியில் ஆங்கர் போல்ட் நிற்காது, செங்கல் பொடிந்துவிடும். அங்கே காலின் அடியில் குறுக்குக் கம்பி ஒட்டி, ஆறு இஞ்ச் ஆழத்துக்குக் குழி வெட்டி, நல்ல ஜல்லிக் கான்கிரீட் போட்டு, நனைத்துக் காயவிட்டு, அப்புறம் மேல் பைப்பை ஏற்ற வேண்டும். கால்களுக்கு நடுவே மூன்றடி, மிஞ்சினால் நாலடி.

கீழ்த்தளக் காலின் அடியில், தகட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஏறி வந்த தெருக்களில் எம்.எஸ். கால்களுக்குள் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே துருத் தின்றது. வெளியே பெயிண்ட் புதுசு மாதிரி இருக்க, தட்டினால் பொத்துக்கொண்டது.

சுவர்க் கைப்பிடியை நீங்களே போட

மாடிப்படி அடியிலும் உச்சியிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குள் போகிற ஒயர் பைப் சுவருக்குள் நேர் மேலாகவோ குறுக்காகவோ ஓடும். அந்தக் கோட்டில் ஓட்டை போடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு வீட்டிலிருந்து ஒயர் இழுங்கள்.

மேல் படி மூக்கிலிருந்தும் கீழ்ப் படி மூக்கிலிருந்தும் தீர்மானித்த உயரத்தைச் சுவரில் குறித்து, காவி தோய்த்த நூலை இழுத்துத் தெறிக்க விடுங்கள். கோடு விழும். பிறகு நடுவில் இரண்டு மூன்று படியிலும் அளந்து பாருங்கள். கொத்தனார் கட்டிய படி எல்லாம் ஒரே உயரம் இருக்காது. முக்கியமாகக் கீழ்ப்படியும் மேல்படியும், தரையில் டைல்ஸ் ஒட்டினபின் அரை இஞ்ச் ஒரு இஞ்ச் மாறியிருக்கும். அதற்காகப் பைப்பை ஏற்றி இறக்க வேண்டாம், நேர்கோட்டிலேயே போகட்டும். வித்தியாசம் ஒரு இஞ்சுக்கு மேல் என்றால் கைப்பிடிக்கு முன்னால் அந்தப் படியைச் சரிசெய்யுங்கள், தடுக்கி விழுவது அங்கேதான்.

இரண்டு முனையிலும் ஓரடிக்குள் ஒரு பிராக்கெட், நடுவில் மூன்றடிக்கு ஒன்று. 10 மில்லிமீட்டர் பிட் போடும்போது வருகிற பொடியைப் பாருங்கள். முதல் அரை இஞ்ச் பூச்சு, சாம்பல் நிறம். அதன்பின் செம்பொடி வந்தால் செங்கல், தொடர்ந்து போங்கள். சாம்பல் பொடியே மொருமொருவென்று கொட்டிக்கொண்டிருந்தால் செங்கல்களுக்கு நடுவேயுள்ள சாந்தில் போகிறீர்கள், இரண்டு இஞ்ச் தள்ளிப் போடுங்கள். நைலான் பிளக், மூன்று இஞ்ச் எஸ்.எஸ். ஸ்க்ரூ, ஒரு பிராக்கெட்டுக்கு மூன்று. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் பிளக் நிற்காது. சுவரின் மறுபக்கம்வரை ஓட்டை விட்டு, அங்கே ஒரு தகடு வைத்து நீள போல்டில் நட்டு இறுக்குவதுதான் ஒரே வழி.

முதலில் இரண்டு முனைப் பிராக்கெட்டை மாட்டி, பைப்பை வைத்து, அதன் போக்கிலேயே நடு பிராக்கெட்டுகளைக் குறித்தால் கோணல் வராது. பைப்பின் இரண்டு முனையையும் எதிரெதிர்ச் சுவரில் நெருக்கிச் செருகாதீர்கள். இருபதடி எஸ்.எஸ். பைப் முப்பது டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். வெளிப்படியில் பூச்சு பெயர்வதும் டைல்ஸ் விரிசல் விடுவதும் இதனால்தான். ஒரு முனையில் கொஞ்சம் சந்து விட்டு ரப்பர் வாஷர் வையுங்கள்.

ஆசிட்

எஸ்.எஸ். கைப்பிடி நாசமாவதற்கு முக்கியமான காரணம் கடல் கூட இல்லை, டைல்ஸ் கழுவுகிற ஆசிட். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார்கள். நாங்கள் பொருத்திய ஒரு வீட்டில் மறுநாள் அப்படிக் கழுவினார்கள். ஊற்றினவர் கைப்பிடியில் படாமல்தான் ஊற்றினார், ஆனால் புகை போதும். மூன்று நாளில் கால்கள் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பூத்துவிட்டது. பழி வந்தது பைப்புக்கு. ஆகவே ஒழுங்கு இதுதான்: டைல்ஸ், ஆசிட், நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் காற்றோட்டம், அதன் பிறகு கைப்பிடி.

வேலை நடக்கும்போது கிரைண்டர் பொறி தெறிக்கிற பக்கமெல்லாம் ஈரச் சாக்கு விரியுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டின பொறி போகவே போகாது. இரும்பு அறுத்த தட்டாலேயே எஸ்.எஸ்.ஸைத் தேய்க்க விடாதீர்கள், இரும்புத் துகள் ஏறி நாலு மழையில் துருப்புள்ளி விழும். ஆர்கான் வெல்டிங் அடித்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் நிற்கும். அதைப் பிக்லிங் பேஸ்ட் போட்டோ, எஸ்.எஸ். பட்டையால் தேய்த்தோ எடுத்துக் கழுவிவிட வேண்டும். பளபளப்பாக்குவதற்கு மட்டும் இல்லை, அந்த நிறம் இருக்கிற இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

பணம் கொடுக்கும் முன்

பழைய காட்டன் வேட்டித் துணி ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழ்வரை பைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது, தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கால்களுக்கு நடுவே மேல் பைப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குங்கள். பைப் லேசாக அதிர்வது சரி. அடியில் கடகடவென்று சத்தம் வந்தால் சரியில்லை. கப்புகளை இன்னும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, நாலு போல்டும் வாஷரும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். கடற்கரை வீட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். கம்பி நார் வேண்டாம். புளியும் உப்பும் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது.

ஒரு மாதம் ஏறி இறங்கினபின் நட்டுகள் கொஞ்சம் இளகும். ஆங்கர் போல்ட் உட்கார்ந்துகொள்வதால் வருவது அது. வந்து ஒருமுறை இறுக்கிக் கொடுப்பதாகப் பட்டறைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை கொஞ்சம் பாக்கி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், என்னிடமும் அப்படித்தான் வைக்கிறார்கள்.